வீட்டில் எத்தனை பேர்?

என் செல்ல மகளுக்கு,

அம்மாவின் அன்பு முத்தங்கள். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் முழு சுகம் என்று சொன்னால் அது பொய். எனக்கு வலது மணிக்கட்டு மக்கர் செய்கிறது, அப்பாவுக்கு இடுப்பு. மற்றபடி இரண்டு பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சண்டை போடுகிறோம்.

போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டில் போனில் எதைப் பேசினாலும் அடுக்களை வரைக்கும் கேட்கும் என்று உனக்குத் தெரியும். அந்த அடுக்களையில் இப்போதெல்லாம் யார் நிற்கிறார் என்பதுதான் தெரியாது. உன் அப்பாதான் நிற்கிறார்.

சலவைக் கடையில் தைக்க வந்த கோட்டு ஒன்றின் கையை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரி தானாகக் கையிலிருந்து நழுவியது. விரலெல்லாம் மரத்துப்போயிருந்தது. டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, பாத்திரம் தேய்க்கக் கூடாது, துணி பிழியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனார். அப்போ என்னதான் செய்யலாம் என்று கேட்டேன். "சும்மா இருங்கம்மா, அது ஒண்ணுதான் மருந்து" என்றார். இந்தக் கடிதத்தைக்கூட நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன். தையல் வேலையைக் கடைக்காரர் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, என்னைத் துணி வாங்கி வைக்கும் மேஜையில் உட்காரவைத்திருக்கிறார். நல்ல மனுஷர். ஆனால் வீட்டுப் பாத்திரம் யார் பார்ப்பது?

அப்பா மறுநாள் சாப்பிட்டு எழுந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டி முன்னால் போய் நின்றார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் பாத்திரத்தையும் பஸ் கழுவுகிற மாதிரியே கழுவுகிறார். எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி, மேலிருந்து நுரையை ஊற்றி, பிறகு குழாயை முழுசாகத் திறந்துவிடுவார். முடிக்கும்போது பாத்திரத்தைவிட அவர்தான் அதிகம் நனைந்திருப்பார். ஆனாலும் சுத்தமாகக் கழுவுகிறார், அதைச் சொல்லியாக வேண்டும். டம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். எனக்கு அவ்வளவு பொறுமை எந்நாளும் இருந்ததில்லை.

இன்னொன்றையும் கவனித்து வைத்திருக்கிறேன். நீ கூப்பிடுகிற நேரத்தில் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். நான் போனை எடுத்து உன் பேரைச் சொன்ன உடனே குழாய்ச் சத்தம் நின்றுவிடும். நாம் பேசி முடிக்கும் வரை ஒரு கரண்டி சத்தம்கூட வராது. நான் போனை வைத்ததும் குழாய் மறுபடி ஓடும். என்னிடம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். தொட்டி என் உயரத்துக்குப் போட்டது. அப்பா அதற்குக் குனிந்து குனிந்து, போன வாரம் ஒரு காலையில் நிமிர முடியாமல் வளைந்தபடியே கூடத்துக்கு வந்தார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். மேல்மாடி வீட்டு நர்ஸ் இறங்கி வந்து தைலம் தடவிப் படுக்கவைத்தாள். "ஒருத்தருக்குக் கை போச்சு, ஒருத்தருக்கு இடுப்பு போச்சு. ஒரு டிஷ்வாஷர் வாங்கிப் போடுங்களேன்" என்றாள். அப்பா படுத்தபடியே, "இந்த அடுக்களையில ஒரு ஆள் திரும்பணும்னாலே இன்னொரு ஆள் வெளிய வரணும். இதுல மெஷினை எங்க நிறுத்துறது?" என்று கேட்டார்.

கேட்டது நியாயம்தான். தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்கும் மேடை ஒரு தட்டு வைத்துக் காய் நறுக்கத்தான் காணும். மேடைக்கு அடியில் அரிசி டின்னும் எண்ணெய் டப்பாக்களும். எதிர்ச் சுவரில் நாங்கள் சாப்பிடுகிற மடக்குப் பலகை. மேடை மேல் வைக்கிற சின்ன மெஷின் இருக்கிறதாமே, எங்கள் இரண்டு பேருக்கு அது போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வீட்டில் மெஷின் இருக்கிறது என்று சொன்னாயே. எதைப் பார்த்து வாங்க வேண்டும், என்ன பவுடர் போட வேண்டும், அடிப்பிடித்த பால் சட்டி அதில் வெளுக்குமா, எல்லாம் விவரமாக எழுது. கடிதமாகவே எழுது. ஏன் என்று உனக்கே புரியும்.

குட்டிக்குக் கீழ்ப்பல் வந்துவிட்டதா? மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

உன்னை நினைத்தபடி,
அம்மா

*

என் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்தது. உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் அப்பா அதை மேஜை மேல் வைத்துவிட்டு, "உனக்கு ஏதோ வந்திருக்கு" என்றார். ஏதோவாம்! நான் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன், கண்ணாடி சரியில்லை, மனசுக்குள் படித்தால் புரியவில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு. அப்பா ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்குச் சின்ன மெஷின் தாராளம் என்று நீ எழுதியதைப் படித்தபோது துடைப்பது நின்றது. அடியில் இருக்கும் வடிகட்டியை வாரம் ஒரு தரம் கழற்றிக் கழுவாவிட்டால் நாறும் என்று மாப்பிள்ளை தன் கையால் எழுதிச் சேர்த்திருந்தாரே, அதைப் படித்ததும், "அது சரி, எந்த வண்டிக்கும் ஃபில்டர்தான் முக்கியம்" என்று ரேடியோவிடம் சொன்னார்.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். பெரிய கடை. மெஷின்களையெல்லாம் கதவு திறந்தபடி ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தார்கள், டாக்டரிடம் நாக்கை நீட்டிக் காட்டுகிற மாதிரி. அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வொன்றின் தட்டையும் இழுத்துப் பார்த்தார், உள்ளே தலையை விட்டுப் பார்த்தார், சக்கரம் ஓடுகிறதா என்று உருட்டிப் பார்த்தார். நீ சொன்ன சின்ன மெஷின் கடைசியில் ஒரு மேஜை மேல் இருந்தது. நான் அதைக் காட்டினேன். "இதுல உன் பால் சட்டி ஒண்ணு ஏறினா ஹவுஸ்ஃபுல். மத்ததெல்லாம் படியில தொங்கிட்டுத்தான் வரணும்" என்றார். கடையில் நின்ற பெண் சிரித்துவிட்டாள்.

அந்தப் பெண் நல்ல மாதிரி. எதையும் தலையில் கட்டப் பார்க்கவில்லை. முதலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "வீட்டுல எத்தனை பேர் சார் இருக்கீங்க?"

நான் இரண்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "நாங்க ரெண்டு பேரு, பொண்ணு, மாப்பிள்ளை, ஒரு பேத்தி. மொத்தம் அஞ்சு பேரு."

யோசித்துச் சொன்ன மாதிரியே இல்லை. யாராவது பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்வோமே, அப்படிச் சொன்னார். மாப்பிள்ளை என்றார், கேட்டாயா? இத்தனை நாளும் 'அந்தப் பையன்' என்பதைத் தவிர வேறொன்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அப்படியென்றால் மேடைக்கு அடியில் வைக்கிற பெரியதுதான் சரி என்று அவள் ஒன்றைத் திறந்து காட்டினாள். இடம் அளந்து கொண்டுவந்தீர்களா என்று கேட்டாள். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எவ்வளவோ சந்துல பஸ்ஸைத் திருப்பியிருக்கேன்மா. எனக்குக் கண்ணே டேப்பு" என்றார். அதையே எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரம் வருகிறது.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் கொடுத்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவராகவே, "அஞ்சு பேர்னு சொன்னாத்தான் நல்ல மெஷினா காட்டுவாங்க. அதுக்காகச் சொன்னேன்" என்றார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

கண்ணே, நீ பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சொன்னாயே, அந்த நாளைப் பற்றி நான் ஒருபோதும் உனக்கு எழுதியதில்லை. நீ யாரைக் கட்டிக்கொண்டாய் என்பதில் அவருக்கு அவ்வளவு வருத்தமில்லை. உன் போன் வருவதற்கு முன்னாலேயே பணிமனையில் ஒரு கண்டக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். எதற்கு வாழ்த்து என்று அப்பா கேட்டிருக்கிறார். அத்தனை பேர் நடுவில், தன் மகள் கல்யாணம் தனக்கே தெரியாமல், எதற்கு என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னிடம் போனில் கத்தினதெல்லாம் அந்தக் கேள்வி கத்தினது. இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே என்று அவர் சொன்னதையும், மிதிக்கமாட்டேன் என்று நீ சொன்னதையும் நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நீ யார் மகள் என்று யாரும் ஊரில் விசாரிக்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் உடனே பதில் எழுத வேண்டாம். கடையில் அவர் சொன்னது உன் காதுக்கும் வர வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

குட்டிக்கு என் முத்தம்.

அம்மா

*

என் தங்கத்துக்கு,

உன் பதில் கிடைத்தது. கழிவுநீர்க் குழாயை எந்த உயரத்தில் மாட்ட வேண்டும் என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறாய். கடையில் நடந்ததைப் பற்றி ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருக்கிறாய். பரவாயில்லை. அடித்த வரியும் எனக்கு வந்து சேர்ந்த மாதிரிதான்.

மெஷின் வந்த கதையைக் கேள். இரண்டு ஆட்கள் மூச்சு வாங்க மாடிப்படியில் தூக்கி வந்தார்கள். அப்பா முன்னால் நின்றுகொண்டு, "ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி, போதும், நேராக்கு" என்று கைகாட்டிக்கொண்டே வந்தார். அடுக்களை வரைக்கும் ஒரு கீறல் விழாமல் வந்துவிட்டது. மேடைக்கு அடியில் தள்ளிப் பார்த்தார்கள், சரியாகப் போய் உட்கார்ந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்புறம் ஒரு ஆள் மெஷினின் கதவைத் திறந்தார். கதவு பாதி இறங்கி, எதிர்ச் சுவரில் மடக்கி வைத்தாலும் துருத்திக்கொண்டிருக்கும் பலகையின் காலில் இடித்து நின்றுவிட்டது. உள்தட்டை வெளியே இழுக்க வழியில்லை. கண்ணால் அளந்தவர் மெஷினை அளந்தாரே ஒழிய அது வாயைத் திறக்கும் என்பதை மறந்துவிட்டார்.

வந்தவர்கள் நல்லபடியாகவே சொன்னார்கள். "சார், இது சகஜம். இதைத் திருப்பி எடுத்துட்டு நாளைக்கே சின்னதைக் கொண்டுவந்து மேடை மேல வெச்சுடறோம்." எனக்கும் அதுவே சரி என்று பட்டது. பலகையும் மிஞ்சும், அரிசி டின்னுக்கும் இடம் கிடைக்கும். அப்பா, "சின்னது வேணாம்" என்றார். உள்ளே போய்த் திருப்புளியைக் கொண்டுவந்து, இடுப்பு வலிக்க வலிக்கத் தரையில் உட்கார்ந்து, பலகையைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். நம் வீட்டுச் சாப்பாட்டுப் பலகை! ஐந்து பேருக்கு மெஷின் வந்தது, இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் போனது. இப்போது கூடத்தில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். அரிசி டின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

முதல் நாள் ஓட்டியபோது அப்பா முக்காலியைப் போட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் ஏறுகிறது, இப்போது சுற்றுகிறது, இப்போது இறக்குகிறது என்று எனக்குச் செய்தி வந்தபடி இருந்தது. ஆவியோடு கதவைத் திறந்து டம்ளரை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னைவிட நல்லாத்தான் கழுவுது, ராஸ்கல்" என்றார்.

தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. இரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரம் அதில் ஒரு மூலைக்குக் காணாது. நிறையாமல் ஓட்டமாட்டேன் என்கிறார். "காலி பஸ்ஸை ஓட்டினா டீசல்தான் நஷ்டம்." அதனால் பாத்திரமெல்லாம் உள்ளேயே காத்திருக்கிறது. காலையில் குடித்த டம்ளர் மறுநாளும் அங்கேயே இருக்கிறது. ஒரு நாள் கரண்டி தீர்ந்துபோய் நான் தயிரை முள்கரண்டியால் சாப்பிட்டேன். அலமாரி மேல் இருந்த கண்ணாடிக் கிண்ணங்களையெல்லாம், தூசி இருக்கிறது என்று இறக்கி உள்ளே அடுக்கினார். ஒரு வாரம் அதில் ஓடியது. பிறகு அதுவும் தீர்ந்துபோனது.

புதன்கிழமை நான் கடையிலிருந்து திரும்புகிறேன், அப்பா மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருக்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. தொட்டி நிறைய எச்சில் பாத்திரம். பின்னாலேயே மேல்மாடி வீட்டு நர்ஸ் சிரிப்பை அடக்கமாட்டாமல் வருகிறாள். "சார் வந்து கதவைத் தட்டி, கழுவாத பாத்திரம் ஏதாவது இருக்குமாம்மான்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல, கொடுத்துட்டேன்" என்றாள். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்ப் பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தார். அவளுடைய தட்டுகளை எங்கள் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றதில் சிரிப்பு போய்விட்டது. எனக்கு எப்போதாவதுதான் கோபம் வரும், உனக்குத் தெரியும். அன்றைக்கு வந்தது. "உங்களுக்குப் பாத்திரமா குறைச்சல்? ஆளுதான் குறைச்சல். அடுத்த வீட்டு எச்சிலைச் சுமந்துட்டு வர்றதுக்குப் பதிலா, ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த போனை வாங்கிப் பேசினா என்ன? அஞ்சு பேருன்னு கடைக்காரப் பொண்ணுகிட்டச் சொல்லத் தெரியுது. சொல்ல வேண்டியவகிட்டச் சொல்லத் தெரியலையா?" என்று கத்திவிட்டேன். படியில் இருந்த நர்ஸ் சத்தமில்லாமல் மேலே போய்விட்டாள்.

அப்பா கையில் இருந்த தட்டை வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இருட்டுவதற்கு முன் வந்துவிட்டார், சாப்பிட்டார், படுத்துக்கொண்டார். நான் அதிகம் பேசிவிட்டேனோ என்று எனக்குத் திக்கென்றது. ஆனால் வருந்தவில்லை. இந்த இரண்டு வருஷமும் உங்கள் இரண்டு பேர் நடுவில் நான் குரலை உயர்த்தாமல் இருந்ததே போதும்.

இன்று காலை நான் எழுந்து வரும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, மெஷினோடு வந்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி போதாமல் பூதக்கண்ணாடி வேறு. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "குழந்தைங்க பால் புட்டியை மேல் தட்டுல வைக்கலாம்னு போட்டிருக்கு. கீழ வைக்கக் கூடாதாம், சூட்டுல நெளிஞ்சிடுமாம். ரப்பரைத் தனியா கழட்டணுமாம். எழுதிடு" என்றார்.

யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"யாருக்குன்னா? புட்டி யார் வீட்டுல இருக்கோ அவங்களுக்குத்தான்" என்றார். சொல்லிவிட்டுப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அந்தப் பக்கம் வேறு ஏதோ பாஷையில் இருந்தது. அதையும் வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார்.

எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். கண்ணே, உன் அப்பாவிடமிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்காதே. மன்னிச்சுக்கோ, வந்துடு என்கிற வார்த்தைகள் அவர் வாயில் வராது. தேடித் தேடி அவருக்குக் கிடைத்தது இந்தப் பால் புட்டிதான். உனக்கும் சொல்ல வேண்டியது இருக்கும், கேட்க வேண்டியதும் இருக்கும். அதெல்லாம் அப்புறம். இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான் எடுத்ததும் என்னிடம் ஒன்றும் பேசாதே, அப்பாவிடம் போனைக் கொடு என்று மட்டும் சொல். அவர் வந்ததும் வேறு எதையும் எடுக்காமல், புட்டியின் ரப்பரை எப்படிக் கழற்றுவது என்று கேள். உனக்குத் தெரிந்திருந்தாலும் கேள். அரைமணி நேரம் விளக்குவார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிரு, என் தங்கமே.

நீங்கள் மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
அம்மா